மயக்கம் என்று நான்கு முறை

சொக்கம்மாள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு எதிரே பதினெட்டு வருடமாக மீன் விற்கிறாள். எந்த வீட்டுக்கு எந்த மீன், யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பராக இருந்தவன். எழுதி வைக்காத எதையும் நம்பாதவன். ஆனாலும் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் போவார்கள்.

போன மார்ச் 11, காலை 8.10. அவள் கணவன் குணசேகரன் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி ஓட்டி வந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி எங்கள் தெருப் பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. தலை நடைபாதைக் கல்லில் மோதியது. ரத்தம் இல்லை. "ஒன்னியும் இல்ல, வுடு" என்றவனை அவள்தான் ஆட்டோவில் ஏற்றினாள். நானும் நோட்டோடு ஏறினேன். 8.10, மயக்கம். 8.25, மயக்கம். 8.40, ஆட்டோவில், மயக்கம். 8.55, ஆஸ்பத்திரி வாசலில், மயக்கம்.

டாக்டர் ஜானட்டிடம் நோட்டை நீட்டினேன்.

"மயக்கம்னா எப்படிப் பெரியவரே? கண்ணு தானா திறந்திருந்ததா, கூப்பிட்டாத் திறந்தாரா? பேச்சு எப்படி? சொன்னபடி கையை அசைச்சாரா?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு வரியிலும் மயக்கம் என்றுதான் இருந்தது.

"வுயுந்தப்போ கண்ணு தொறந்துதான் இருந்திச்சி டாக்டரம்மா," என்றாள் சொக்கம்மாள். "இன்னா கெயமன்னா, ஞாயித்துக்கெயமன்னு தப்பா சொன்னாரு. கையத் தூக்குன்னா தூக்குனாரு. ஆட்டோல, கூப்ட்டாதான் முயிச்சாரு. இன்னா கேட்டாலும் நண்டு நண்டுன்னாரு. வெரலப் புடின்னா மட்டும் புட்ச்சாரு."

"எத்தனை மணிக்கு?"

"அது நைனா நோட்ல கீது."

கண்ணுக்கு நாலு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு, முழு நினைவு இருந்தால் பதினைந்து என்ற கணக்கில் டாக்டர் மதிப்பெண் போட்டார். "முதல்ல பதினாலு. ஆட்டோல பன்னெண்டு. இப்ப நான் பார்க்கிறப்ப பத்து. பதினாலுலயே நின்னிருந்தா லேசான அடின்னு வச்சுப் பார்த்துக்கிட்டிருப்போம். இது இறங்கிக்கிட்டே வருது. ஸ்கேனுக்குத் தள்ளுங்க, உடனே!"

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. பிழைத்தான். நேரக் குறிப்பு உதவியது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். தோளில் தட்டிக்கொடுத்தது அவளைத்தான்.

வீடு திரும்பியபின் ஒரு மாதம், கடை போடும்முன் அவனை எதிரே உட்காரவைத்துக் கிழமை கேட்டு, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்குக் குரல் கொடுப்பாள்.

"நைனா, எயுதிக்கோ! கண்ணு நாலு, பேச்சு அஞ்சு, கை ஆறு."

நோட்டில் புதிதாக மூன்று பத்திகள் கோடு போட்டிருந்தேன். எழுதுவேன். நான் கூட்டிப் பார்ப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள்: "பதினஞ்சு."