கதவில்லாத பிக்கப்

பிக்கப் வண்டி பார்க்க வேலூருக்குப் போன அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆம்பூரில் ஒரு துவக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. என் கணவர் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். எண்பதுகளின் தொடக்கம் அது. தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவர் சென்னையிலிருந்து உப்புத் தோல் ஏற்றிவர ஆள் தேடிக்கொண்டிருந்தார். சொந்த வண்டியோடு இந்த மாதத்துக்குள் வந்தால் வேலை உனக்கு என்று இவரிடம் சொல்லியிருந்தார்.

கடையில் ஒரே வண்டி மூன்று தரத்தில் வந்தது. மேல் தரம் எங்களுக்கு எட்டாது. கீழே இருந்த இரண்டில்தான் பேச்சு. எஞ்சினும் பின்தொட்டியும் இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசித் தரத்துக்குத் தார்ப்பாய்க் கூரை. கதவு கிடையாது, பொத்தான் போட்டு மாட்டுகிற தார்ப்பாய்த் திரைதான். இருக்கைக்குப் பின்னால் தடுப்பும் இல்லை. அடுத்த தரத்தில் இரும்புக் கூரை, இரும்புக் கதவு, ஏற்றி இறக்கும் கண்ணாடி. வண்டி விவரம் போட்ட புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"கதவு இருக்கறதே எடுத்துக்கலாம். தூரம் போற வண்டி" என்றார்.

"அது இப்ப புக் பண்ணா ஆறு மாசம் ஆவும் சார்" என்றார் கடைக்காரர். "கதவு இல்லாதது ரெண்டு ரெடியா நிக்குது. நாளைக்கே எடுத்துட்டுப் போலாம்."

இவர் என்னைப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கங்க" என்றேன். "ஆறு மாசத்துல அந்த வேலை வேற ஆளுக்குப் போய்டும். கதவு பின்னாடி செஞ்சு போட்டுக்கலாம்."

"ஓட ஆரம்பிச்சா நிறுத்த நேரம் இருக்காதும்மா."

"ரெண்டு நாள் நிறுத்தினா ஆச்சு. அதுக்குப் போய் ஆறு மாசம் காத்திருப்பாங்களா?"

வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. வாரத்துக்கு மூன்று நடை. கதவு செய்கிற பட்டறையில் வண்டியை இரண்டு நாள் விடச் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் வரவேயில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சரக்கு ஏற்றி இறக்க ஒருவர் கூடப் போவார். நாற்பது வயதிருக்கும். ரயில் பாதைக்குப் பின்னால் வீடு, மனைவி, இரண்டு பெண்கள். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "காத்து நல்லா வருது டீச்சர், ஏரோப்ளேன்ல போற மாதிரி" என்று ஒருமுறை சொன்னார். தடுப்பு இல்லாததால் தோலின் நாற்றம் நேராக முன்னால் வரும். திரையை மாட்டினால் மூச்சு முட்டும். அதனால் எப்போதும் அதைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் போவார்களாம். வண்டி திரும்பும்போது அவர் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலையிலிருந்து தோல் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை ஓரம் வரும்போது சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். இவர் வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். நேராக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இடப்பக்கம் இருக்கை காலியாக இருந்தது. அந்த மனிதர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறார். கை கம்பியில் இல்லை.

கரைக் கல்லில் தலை அடிபட்டிருந்தது. இவரும் சைக்கிள்காரரும் தூக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். மறுபடி விழுந்துவிடாமல் இருக்க, ஒரு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இவர் ஓட்டினார். கியர் மாற்றும்போது மட்டும் சட்டையை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து பார்த்தவர்கள், உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

இதையெல்லாம் என் கணவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். சொல்லி முடித்ததும், "பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

போலீஸ் கேஸ் நடந்து இவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. தீர்ப்புக்கு முன்பே வண்டியை விற்றுவிட்டோம். இவர் வேலூர் பக்கம் பாகாயத்தில் ஒரு பஸ் ஓட்டும் வேலைக்குப் போனார். என்னால்தான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து, இறந்தவரின் மனைவியைப் பார்க்கத் தனியாகப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாய் எடுத்துப் போட்டார்.

"வண்டியில கதவே இல்லயாமே டீச்சர்" என்றார்.

"இல்லம்மா."

"கம்பெனியிலயே வர்றதில்லயா, நீங்க வாங்கலயா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வருவதில்லை என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். அதுதான் வாய் வரைக்கும் வந்தது.

"கதவு இருக்கறதும் இருந்துச்சு. வர லேட்டாவும்னு நான்தான் வேணாம்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார். நான் எழுந்தபோது, "மழை வர்ற மாதிரி இருக்குது, சீக்கிரம் போங்க" என்றார்.

அடுத்த வருடம் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். அவருக்காக மனு எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் போடுமுன் ஒரு ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஓய்வு பெறும்வரை தினமும் மதியம் ஒரு கிண்ணத்தில் சோறும் சாம்பாரும் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். நான் வாயில் போட்டு, சரியாயிருக்கு என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவார். வேறெதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.