விளக்கு எரிந்த மாவு

அம்மாபேட்டையில் ரஞ்சனி என்று கேட்டால், "அவளா? ஆப்பிளையே வேகவெச்சுக் குடுத்தவளாச்சே" என்பார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

கணவன் குமரகுருவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அவள் அப்படி ஆகிப்போனாள். மருந்து ஏற ஏற எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், வேகாத எதையும் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் வெண்ணிலா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தட்டும் டம்ளரும் கொதிநீரில் முங்கித்தான் எழும். தேங்காய்ச் சட்னி கிடையாது. சொந்தக்காரர்கள் வாங்கிவந்த திராட்சையை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் மாரக்காள் ஆசையாய்ப் பிசைந்துவந்த தயிர்ச்சோற்றுக்கும் அதே கதிதான்.

"எந்தம்பிக்கு நான் வெசமா வெப்பேன்?" மாரக்காள் அழுதுகொண்டே போனாள். ரஞ்சனி இரங்கவில்லை. புருஷன் பிழைத்தால் போதும், யார் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன!

ஆடிப் பண்டிகை வந்தது. அவனுக்காக வேண்டிக்கொண்டு மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்த்திரி ஏற்றினாள். திரி அடங்கியதும் அந்த மாவை எடுத்துக்கொண்டு அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ஏம்புள்ள, இது வெந்ததா?" என்று குமரகுரு கண்ணடித்தான்.

"சாமி மாவப் போயி அப்படிக் கேப்பாங்களா? வாயத் தொறங்க."

இனிப்பு தின்று நாளாகியிருந்தது பாவம், இன்னொரு வாய் கேட்டான். கொடுத்தாள்.

அந்த வாரமே காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

"வேற ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?" என்று வெண்ணிலா கேட்டதும் ரஞ்சனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னயப் பாத்தா கேக்கறீங்க? வேகாத ஒரு பருக்கை அவரு வாயில படலீங்க!"

மனதறிந்து அவள் பொய் சொல்லவில்லை. மாவிளக்கு அவளுக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேராது.

குமரகுரு போய்விட்டான். கிருமி எங்கிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் உடம்பில் இருந்ததேகூடக் கிளம்பியிருக்கலாம் என்றார் டாக்டர். ரஞ்சனி அதைக் காதில் வாங்கவே இல்லை. எழவு வீட்டில் ஊர் முன்னால் மாரக்காளை நோக்கிக் கை நீட்டினாள். "எனக்குத் தெரியாம நீங்கதான் எதையோ ஊட்டியிருக்கறீங்க!" மாரக்காள் எழுந்து போனாள்.

இந்த ஆடிக்கு அந்த மாரக்காளே தேடி வந்தாள். தம்பி பெண்டாட்டி தனியாகக் கிடக்கிறாளே என்ற பரிதாபம். கொண்டுவந்த மாவிளக்கில் ஒரு பிடி எடுத்து ரஞ்சனி கையில் வைத்தாள். ரஞ்சனி வாயில் போட்டு மென்றாள்.

பல்லில் அரிசி நறநறவென்றது. பச்சரிசி. கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். திரி நின்ற இடம் மட்டும் கொஞ்சம் கருகியிருந்தது, மற்றதெல்லாம் பிசைந்த மாவு பிசைந்தபடியே இருந்தது.

"என்னாச்சு சாமி? முழுங்காம உக்காந்திருக்கறே?" என்று மாரக்காள் அவள் முதுகைத் தடவினாள்.

நீங்க ஊட்டலீங்க அண்ணி, நான்தான் ஊட்டினேன் என்று சொல்ல வேண்டும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாய் நிறைய மாவு இருந்தது.