தலை கேட்காத பாலம்

மலேசியாவின் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டும் தினேஸ்வரி, ஞாயிறானால் கிந்தா ஆற்றின் பழைய பாலங்களைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவாள். அவளுடைய அக்கா குமுதாவோ பாலத்தில் கால் வைக்கமாட்டாள். பாலம் நிலைத்து நிற்கப் பிள்ளைகளின் தலையைத் தூணுக்குள் புதைப்பார்கள் என்று ரப்பர் தோட்டத்தில் யாரோ கிளப்பிவிட்ட புரளிக்குச் சிறுவயதில் பயந்து, அக்கரையிலிருந்த பள்ளிக்கூடத்தையே விட்டவள். இன்று தங்கை அவள் கையைப் பிடித்துப் பாலத்துக்கு இழுத்தாள்.

“வேணாம்டி, தூணு தலை கேக்கும்லா!”

“ஒன் நரச்ச தலைய வச்சு அது என்னக்கா பண்ணும்? அது கேட்டது வேர்வைதான். அதக் கல்லு சொமந்தவங்க எப்பவோ குடுத்துட்டாங்க.”

குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நடந்தவள் அக்கரைக்கே போய்விட்டாள். திரும்பி வந்து கைப்பிடிச் சுவரைத் தடவினாள்.

“கட்டுனவங்களுக்குப் பெரிய கும்புடுடி. என்னையும் சேத்து எடு.”

படத்தில் பாலம் பாதிதான் விழுந்தது. அக்கா முழுதாக இருந்தாள்.