காத்துதான் என்றேன்

நேற்று என் பேரன் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு, "தாத்தா, பம்பு சுடுது பாருங்க" என்று நீட்டினான். அடிப்பக்கத்தைத் தொட்டேன். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

காற்றை வேகமாக அமுக்கினால் சூடு வெளியேற நேரம் கிடைக்காது. நாம் போடும் உழைப்பு அதற்குள்ளேயே சூடாகத் தங்கும், அழுத்தமும் ஏறும். காலேஜில் இதைக் கணக்காகப் போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்த மார்க்கை நம்பித்தான், வெள்ளைக்காரர் காலத்தில், முள்ளுக்குறிச்சிக்கு மேலே மலைப்பாதை வெட்டும் இடத்தில், காற்றை அமுக்கிப் பாறை துளைக்கும் மெஷினுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போட்டார்கள். தலையில் தொப்பி வேறு. பாறையே என்னைப் பார்த்துப் பயப்படுவதாக நினைப்பு.

மெஷினை ஓட்டியவன் சடையன், மலைமேல் தேவனூர் நாட்டுக்காரன்; அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தையில் அவனுக்குக் கல்யாணம். பெண் திருப்புலி நாடு. அன்று மெஷினைக் குளிரவைக்கும் தண்ணீர் வற்றிவிட்டது.

"நிறுத்திட்டு ஓடைக்குப் போய்ட்டு வாரேனுங்க" என்றான்.

காண்ட்ராக்டர் வரும் நேரம். மெஷின் நின்றிருந்தால் கத்துவார். "மாப்பிள்ளைக்கு இப்பவே குளிக்கணுமாக்கும்! ஓடட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் குழாய் வெடித்தது. உள்ளே படிந்திருந்த எண்ணெய் அமுங்கிய காற்றின் சூட்டில் பற்றிக்கொண்டது. சடையனின் வலது கை தோள்வரை வெந்துபோனது.

அடுப்பில்லை, கொள்ளியில்லை; நெருப்பு எங்கிருந்து வந்தது? "காத்து அடிச்சிருச்சு" என்றார்கள் ஆட்கள். பேய் அறைந்ததற்கும் அதே சொல்தான்.

தை பிறக்குமுன் பெண்ணின் அப்பன் இறங்கி வந்தார். "ஏனுங்க, காத்து அடிச்சவனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது? படிச்சவங்க நீங்க, சொல்லுங்க."

பக்கத்தில் கட்டுப்போட்ட கையுடன் சடையன். "மெஷின் சூடுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

எனக்குப் பின்னால் காண்ட்ராக்டர் நின்றார். சூடு என்றால், தண்ணீரில்லாமல் ஓட்டச் சொன்னது யார் என்று கேட்பார்.

"காத்துதான்" என்றேன்.

வெடித்ததும் காற்றுதானே, பொய்யில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெண்ணின் அப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார்.  சடையன் அதன்பின் வேலைப் பக்கமே வரவில்லை.

நாங்கள் வெட்டிய பாதையைப் புதர் மூடிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், உண்மையைச் சொல்லிவிடலாமென்று தேவனூர் நாட்டுக்குப் போனேன். "சடையனுங்களா? எந்தச் சடையன்? இங்க ஊட்டுக்கொரு சடையன் உண்டுங்களே" என்று சிரித்தார்கள். காத்து அடிச்ச சடையன் என்றிருந்தால் ஒருவேளை அடையாளம் தெரிந்திருக்கும். அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.