சும்மா என்று ஒரு பத்தி

மொட்டைமாடியில் சூரியனைப் படம் பிடிக்கும் காமிராவின் மூடியைக் கழற்றுவதற்கு முன் சும்மாக்கா அதை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே எறும்பு இருந்தால் இடத்தைக் காலி செய்யட்டும் என்றுதான். ஒருமுறை சூரியப் படத்தில் புதுக் கரும்புள்ளி என்று ஆய்வகமே கூடி நின்று பார்த்தது. அது நடக்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

அந்த ஆய்வகத்தில் மற்ற எல்லோருக்கும் கரும்புள்ளிகள் மேல்தான் கண். அக்காவுக்கு அவை இல்லாத இடங்கள்தான் வேலை. கல்யாண மண்டபத்தில் மேடையை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களையே கவனிக்கிற மாதிரி. அந்த அமைதியான பரப்பு அவருடைய படங்களில் வெளிச்சத்தால் பின்னிய மீன்வலை போலத் தெரியும். வெயில் அடிக்கும் காலைகளில் எல்லாம் அந்த வலையின் பிரகாசத்தை அளந்து எழுதுகிறார். கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினொரு வருடத்துக்கு ஒரு சுற்றாகப் பெருகிக் குறைகின்றன. அப்போது இந்த வம்புதும்புக்குப் போகாத இடங்களும் மாறுகின்றனவா? சொல்வதற்கு ஒரு சுற்று முழுதாக வேண்டும். அக்கா பத்து வருடம் நாலு மாதம் முடித்திருக்கிறார்.

பதிவேட்டில் அந்த அளவுகளை எழுதும் பத்திக்கு அவர் வைத்த தலைப்பு ‘சும்மா’. பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். தச்சு வேலை பார்க்கும் கணவருக்கு இதில் தனிக் குஷி.

“சம்சாரம் என்ன வேலை பாக்குறாங்கன்னு கேக்குறாங்க. சூரியன்ல சும்மா இருக்கிற இடத்தைப் பாக்குறாங்கன்னு சொன்னா, அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களான்னு கேக்குறாங்க” என்பார்.

போன மாதம் வந்த புது மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். ‘சும்மா’ என்ற பத்தியில் தினமும் 104, 105, 104 என்று எண்கள். கருவி அத்தனை நிமிடம் சும்மா கிடந்ததாக எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை முதல் காமிராவை வேறு பிரிவுக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு ஒட்டிவிட்டார். சுற்று முடிய எட்டு மாதம் இருக்கும்போது.

அக்கா யாரோடும் வாதாடிப் பழகாதவர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நீளமான ஒரு காகிதச் சுருளோடு மேலாளரின் அறைக்குப் போனார்.

“சும்மான்னா சும்மா இல்ல சார்.”

“அப்புறம் என்னம்மா?”

அக்கா சுருளை மேசைமேல் விரித்தார். பத்து வருடத்து அளவுகளும் ஒரே கோடாக ஓடின. மேலாளருக்கு அது அடிக்கோல் வைத்து இழுத்தது போல்தான் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கன்னத்தை மேசையில் வைத்து ஓரமாகப் பாருங்கள் என்றார் அக்கா. வீட்டில் கணவர் பலகையின் வளைவைப் பார்க்கும் விதம் அது. மேலாளர் வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. ஒரு கண்ணை மூடினார்.

“ஏறுதே” என்றார்.

“ஏறி, இறங்கிக்கிட்டு இருக்கு சார். கிளம்பின இடத்துக்கே வந்து சேருதான்னு பாக்க இன்னும் எட்டு மாசம் வேணும்.”

மேலாளர் வெகுநேரம் நிமிரவில்லை. உத்தரவைக் கிழித்துவிடலாம் என்று மேசைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தத் தலைப்பை மட்டும் மாற்றி எழுதினால் நல்லது என்று தொடங்கி அவர் தலையைத் தூக்கியபோது எதிரே ஆள் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், மொட்டைமாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்.