துருவன் தெரிகிறதா

என் கல்யாணம் மலாயாவில், சிகாமட் என்ற ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. மாப்பிள்ளை அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அப்பாவும் நானும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்தோம்.

கப்பலின் மேல்தட்டில் அந்திதோறும் வடக்கே பார்த்து நிற்பேன். புறப்பட்ட அன்று துருவ நட்சத்திரம், கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் உயரத்தில் கடலுக்கு மேலே நின்றது. பினாங்கை நெருங்கியபோது பாதி முஷ்டிதான். யாரோ அதை நூலில் கட்டி மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறக்குவது போலிருந்தது. ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

காலையில் தாலி ஏறியது. நட்சத்திரம் பார்க்கும் சடங்கை மட்டும் குருக்கள் இருட்டும் நேரத்துக்கு வைத்திருந்தார். வைகாசி மாதம். மழை ஓய்ந்து, இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடக்கே சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பையாய்த் தொங்கியது. அதன் கீழே ரப்பர் மரங்கள், கறுப்பாக, வரிசை கலையாமல்.

குருக்கள் அந்தப் பக்கம் கையை நீட்டி, "துருவன் தெரியறதாம்மா?" என்றார்.

"தெரியலை."

"தெரியறதுன்னு சொல்லணும். எல்லாப் பொண்ணும் அப்படித்தான் சொல்லும்."

"மரந்தான் தெரியுது, சாமி."

பின்னால் சிரித்தார்கள். என் நாத்தனார் மலாய்க்காரி போல வாயில் கை வைத்து, "அலமாக், பொண்ணுக்குக் கண்ணு மங்கலா? கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அப்பா என் காதருகே குனிந்து, "தெரியுதுன்னு சொல்லிடும்மா" என்றார். அவர் குரல் கெஞ்சியது. சொல்லாவிட்டால் கண் தெரியாதவள் என்ற பெயர். சொன்னால், கட்டியவர் பக்கத்தில் நின்று சடங்கில் நான் தரும் முதல் வாக்கே பொய்யாகிவிடும். மறுபடியும் மரங்களையே பார்த்தேன்.

அப்போதுதான் என்னைக் கட்டியவர் முதன்முதலாக என்னிடம் பேசினார். "அருந்ததி தெரியுதா?"

"வசிஷ்டரை ஒட்டிச் சின்னதா. தெரியுது."

"அக்கா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கே அது தெரியாது" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அகப்பையோட விளிம்புல ரெண்டு நட்சத்திரம் இருக்குல்ல, அதைச் சேர்த்துக் கோடு போடு. அப்படியே நேரா கீழ இறங்கு. மரத்துக்குப் பின்னால, தரையை ஒட்டி நிக்குது. இது பூமியோட இடுப்புப் பக்கம். இங்க அவ்வளவு தாழ்வாத்தான் இருக்கும்."

"கப்பல்ல வரும்போதே இறங்கிட்டு வந்துச்சு."

"அது இறங்கலை. உருண்டை மேல நீதான் இறங்கி வந்திருக்கே."

நான் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மரங்களின் உச்சியில் கண் நின்றுவிட்டது. கோடு நிற்கவில்லை. இலைகளுக்குள், ஈர அடிமரங்களுக்குள், இருட்டுக்குள் அது தானாகவே போய்க்கொண்டிருந்தது. கண் விட்ட இடத்திலிருந்து மூளை வரைகிறது என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று, தூங்குமுன் இமைக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி மிதக்குமே, அதுபோல அந்த நட்சத்திரம் மரங்களுக்கு அப்பால் அசையாமல் நின்றதை மட்டும் உணர்ந்தேன்.

"தெரியறதாம்மா?" என்று குருக்கள் மறுபடியும் கேட்டார்.

கண்ணுக்குத் தெரிவதற்கும் மனதுக்குத் தெரிவதற்கும் நம் பாஷையில் ஒரே சொல்தான்.

"தெரியுது" என்றேன்.

அட்சதை விழுந்தது. அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கட்டியவர் என் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஈர மண்ணில் மெதுவாகவே கால் வைத்தேன், பூமியின் சரிவு பாதத்தில் படுமோ என்று.