அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு சிவப்புப் புழு

ஐப்பசியில் இலங்கை மலைநாட்டுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மழை, அட்டைக்கடி, மண்சரிவு, இதற்கா டிக்கெட் போட்டாய் என்றார் என் கணவர். அந்த மழைக்காகத்தான் போகிறேன் என்றேன். கோயம்புத்தூரில் ஒரு பல் லேபில், சிதைந்த பல்லுக்கு மேல் மாட்டும் உறை செய்வது என் வேலை. மிச்ச நேரத்தில் ஃப்ளை கட்டுவேன். தூண்டில் கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார்களே, அதுதான். ஊட்டிப் பக்கம் டிரவுட் மீன் பிடித்துப் பழகியவள் நான். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஓடைகளிலும் அதே மீன் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. தினமும் மதியத்துக்கு மேல் மழை கொட்டும். தேயிலைச் சரிவில் மழைநீர் வடிய வெட்டியிருக்கும் கான்கள் வழியாக மண்ணும் மண்புழுவும் ஓடையில் வந்து விழும். அப்போது டிரவுட் மேலே பறக்கும் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அடியில் கிடந்து புழுவைத் தின்னும். ஆகவே புழு ஃப்ளை. பெயர் ஈ, உருவம் புழு. மரபு தவறாத தூண்டில்காரர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், மீன் சுளிப்பதில்லை. நான் கட்டுவது எளிய வகை: பாதி விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல், நடுவில் கறுப்பு நூலால் கொக்கியோடு இறுக்கி ஒரு கட்டு, இரண்டு முனையும் தொங்கும். ஒரு டப்பா நிறையக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை எட்டரை ரயில். ஹட்டனில் இறங்கும்போது மணி இரண்டேகால், மழை எனக்கு முன்பே வந்திருந்தது. டிக்கோயாவில் அறை. ஒரு நாளைக்கு எட்டாயிரம் இலங்கை ரூபாய் என்று பேசி ஓர் ஆட்டோவும் அமைந்தது. ஓட்டுநர் பெயர் தவராசா, நாற்பத்தைந்து வயதிருக்கும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசியதைக் கேட்டபோது திருச்சி பஸ் நிலையத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. "பொம்பள ஆளு மீன் புடிக்க இம்புட்டு தூரம் வந்தத நான் இப்பதான் பாக்குறேன் மிஸ்" என்றார். அதில் கேலியும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

மீன்பிடி அனுமதியும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் முன்பே வாங்கியிருந்தேன். இடம் திம்புள்ளப் பக்கம், அக்கரப்பத்தனைக்குப் போகிற வழியில், டிக்கோயாவிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். வளைவுகளால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

முதல் நாள் ஓடை பிளேன்டி நிறத்தில், அதாவது பால் கலக்காத தேநீர் நிறத்தில் ஓடியது. புழு ஃப்ளைக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. அடியில் அமிழ்வதற்காகப் பாசிமணி அளவில் ஒரு பித்தளை மணியைச் சேர்த்துக் கட்டி, எதிர்நீரில் வீசி, தண்ணீர் போகிற போக்கில் உருள விட வேண்டும். இழுக்கக் கூடாது. லைன் ஓர் இம்மி நின்றாலும் கோலைத் தூக்க வேண்டும். ஒன்பதடிக் கோலும் ஐந்தாம் எண் லைனும் இங்கே தாராளம். மதியத்துக்குள் மூன்று டிரவுட் கிடைத்தன, மூன்றையும் தண்ணீரிலேயே விட்டேன். தொல்லை முதுகுப் பக்கம்தான். தேயிலைச் செடிகள் கரை வரை நிற்கின்றன. வீசுவதற்காகக் கோலைப் பின்னால் கொண்டுபோகும்போது ஃப்ளை செடியில் மாட்டும். இழுத்தால் நூல் அறுந்துவிடும். சில புழுக்களை அப்படி இழந்தேன். மூடுபனியில் தேடிக் கிடைக்கவில்லை.

எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் ஓடைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டன. பிறகு திடீரென்று கேட்கவில்லை. நிமிர்ந்தால், பத்துப் பதினைந்து பேர் அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை அசைத்தேன். யாரும் திருப்பி அசைக்கவில்லை. பனி வந்து மலையை மூடியது. விலகியபோது அங்கே ஒருவரும் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை அதே இடம். மலை முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. கொழுந்து பறிக்காமல் தளதளவென்று நின்றது. முந்தின நாள் நான் நின்ற பாறையில், பாதியாக வெட்டிக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் வேப்பிலைக் கொத்தும் இருந்தன. பக்கத்தில் சூடம் எரிந்த கறுப்பு. ஏதோ சாமி காரியம் போல என்று மேலே நடந்தேன். அடுத்த மடுவிலும் அதே. நான் நின்று வீசிய இடமெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். மூன்றாவது மடுவில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பனி, ஆள் இல்லை.

"யாருங்க?" என்று கூப்பிட்டேன். செடிகளுக்குள் யாரோ இருமினார்கள். 

எனக்கு யாரோ என்னவோ வைக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. அதையெல்லாம் நம்பாதவள்தான் நான். ஆனால் நெருப்பு எரிகிறது, ஏற்றிய ஆளைக் காணோம் என்றால் நம்பிக்கை என்ன செய்யும்? கோலைக்கூட மடக்காமல் ரோட்டுக்கு ஓடினேன்.

தவராசா ஆட்டோவுக்கு வெளியே நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"மிஸ், நேத்து இங்கன என்னத்தயாச்சும் உட்டுட்டு வந்தீங்களா?"

டப்பாவைத் திறந்து நீட்டினேன். எட்டிப் பார்த்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செவப்பு நூலு, கறுப்பு நூலால இடுப்புக் கட்டு, இரும்பு. செடியில தொங்குது. இத எங்காளுக என்னன்னு நெனைப்பாங்க? செய்வினைன்னு ஒருத்தரும் மலைக்கு எறங்கல. நீங்க நின்ன எடத்துல எல்லாம் கழிப்புக் கழிக்கிறாங்க. பனியில நின்னு கோல ஆட்டிக்கிட்டு இருந்தீங்கள்ல, மந்திரிக்கிறீங்கன்னு நெனச்சிட்டாங்க."

சிரிப்பு வந்தது. மறு நிமிடமே அடங்கியது, ஏனென்றால் அவர் சொல்லி முடிக்கவில்லை. சிவகாமி என்றொரு பெண். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கில் அப்படி ஒன்று குத்தி நின்றதாம். அவளுக்கு வயிற்றில் ஏழு மாசம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறக்காமலே கலைந்துவிட்டன. நேற்றைக்குச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருக்கிறாள். மிட்வைஃப் வந்து சொல்லியும் கேட்கவில்லை, இதுவும் போய்விடும் என்று ஒரே பேச்சு.

"நான் வந்து சொல்றேங்க" என்றேன்.

"சொன்னா பத்தாது மிஸ். போட்டவங்கதான் எடுக்கணும். வேற ஆளு தொட்டா எறங்காது."

தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் ஓடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே. நாங்கள் போனபோது பத்தரை மணி. மலைக்குப் போகாத எல்லாரும் வீட்டு முன்திண்ணைகளான இஸ்தோப்புகளில் நின்றிருந்தார்கள். ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்தேன். கோலைப் பூட்டி, முற்றத்தில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஒரு புழுவை உருட்டிக் காட்டினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், "மீனுக்கா இம்புட்டு அலங்காரம்?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. செடியில் எடுத்தவற்றை ஒரு தகர மூடியில் வைத்துக் கம்பால் தள்ளினார்கள். என் புழுக்களேதான். எடுத்து டப்பாவில் போட்டேன்.

படங்கு வேலியில் தொங்கியது, சுற்றி வேப்பிலை செருகியிருந்தது. சிவகாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாசல்படியில் உட்கார வைத்தார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உதடு வெடித்திருந்தது.

"எம் பேரச் சொல்லி எடுங்க மிஸ்" என்றாள்.

"சிவகாமி" என்று சொல்லிச் சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

என் கொக்கி எதுவும் அப்படி நிற்காது. மீனை நோகாமல் விடுவதற்காக, ஒவ்வொரு கொக்கியிலும் உள்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் நூலே சுற்றுவேன். லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். குனிந்து பார்த்தேன். துருவேறிய பெரிய கொக்கி, முள் முழுசாக இருந்தது. நூல் கம்பளி இல்லை, பருத்தி. முடிச்சுக்கு மேல் முடிச்சு. முடிச்சுகளுக்குள் நீளமான தலைமுடி சுற்றியிருந்தது. என் முடி காதோடு நிற்கும்.

  இது என் கைவேலை இல்லை. இதைக் கட்டிய கை வேறு. சாக்கு தொங்குகிற இடம் தெரிந்து, பக்கத்தில் வந்து குத்திவிட்டுப் போன கை.

"ஒங்களோடதுதானே மிஸ்?"

அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். என் பின்னால் மொத்த லயமும் நின்றது.

"ஆமாங்க, என்னோடதுதான்" என்றேன். "சனியன், சிக்கிக்கிச்சு."

நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் சாக்கைக் கத்தரித்து எடுத்து, யார் கண்ணிலும் படாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். சிவகாமி அழுதாள். அழுது முடித்துப் பிளேன்டி கேட்டாள். யாரோ ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள், அதையும் தின்றாள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. வாங்கிக் குடித்தேன், ருசி தெரியவில்லை.

தவராசாவிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் அவர் கதை கதையாகப் பேசிக்கொண்டே வந்தார், நான் கையைத் திறக்கவே இல்லை. டிக்கோயாவில் அறைக்குப் பின்னால் வெந்நீர் போடும் அடுப்பு இருந்தது. அதில் போட்டேன். முடி கருகும் வாசனை நெடுநேரம் போகவில்லை. மிச்சமிருந்த நாளில் நான் மீன் பிடிக்கவில்லை. யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணி வரை போய் வந்தேன். யாத்திரைக் காலம் இல்லாததால் கடைகள் அடைத்துக் கிடந்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசித் தண்ணீரில் புழு ஃப்ளை உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். காலை ஏழிலிருந்து மதியம் வரைதான் நேரம், மழை தொடங்கினால் கரையேறிவிடுங்கள். அட்டைக்கு முழங்கால் வரை துணி உறை போடுங்கள். பின்னால் செடி இருந்தால் கோலைப் பின்னால் கொண்டுபோகாமல் உருட்டி வீசுங்கள். சிவப்பு வேண்டாம், மண் நிறத்தில் கட்டுங்கள், மீனுக்கு அதுவும் போதும். முக்கியமாக, அனுமதி வாங்கியதோடு நிற்காதீர்கள். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்காக ஆட்கள் கூடும்போது போய், நீங்கள் யார், கையில் இருப்பது என்ன என்று காட்டிவிட்டு ஓடைக்கு இறங்குங்கள்.

தை மாசம் தவராசா குரல் செய்தி அனுப்பினார். சிவகாமிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், மிஸ்ஸை விசாரித்தாள் என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ராத்திரி படுத்தால் மட்டும் அந்த இஸ்தோப்பில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கொக்கியை எடுத்ததும் எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள், ஒருவர் விடாமல் சிரித்தார்கள். நான் சொன்னது பொய் என்று அவர்களில் ஒருவருக்குத் தெரியும்.